கோடரிக்குப் பின்னால் வந்த கலப்பை

ஆனைகட்டியைத் தாண்டினால் அட்டப்பாடி. பிழைப்புத் தேடி மலையேறியவர்கள் அங்கே காட்டைக் கழனியாக்கினார்கள். அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை.

கோயமுத்தூரிலிருந்து வடமேற்கே சுமார் முப்பது கிலோமீட்டர். கணுவாய், தடாகம் என்று நகரத்தின் வால் நீண்டுகொண்டே போகிறது. சாலையோரங்களில் செம்மண் தோண்டிய பெரும் பள்ளங்கள். 2021ல் அரசு உத்தரவால் செங்கல் சூளைகள் மூடப்பட்ட பள்ளத்தாக்கு இது. மாங்கரை வனச் சாவடியைத் தாண்டியதும் பேருந்து மூச்சு வாங்கத் தொடங்குகிறது. வளைவுகள், மூங்கில், முள்மரங்கள், யானைகள் கடக்கும் இடம் என்ற எச்சரிக்கைப் பலகைகள். பிறகு சட்டென்று ஒரு கடைத்தெரு. தேநீர்க் கடைகள், ஜீப்புகள், தமிழிலும் மலையாளத்திலும் பெயர்ப் பலகைகள். இதுதான் ஆனைகட்டி.

பெயருக்கு உள்ளூரில் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது: ஆனைகளைக் கட்டிவைத்த இடம். ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்துக் காட்டு இலாகா குழி வெட்டி யானை பிடித்து, மரம் இழுக்கப் பழக்கியதை நினைத்தால் அந்த விளக்கம் பொருத்தமாகவே தோன்றும். இன்று வெளியூர்க்காரர்களுக்கு ஆனைகட்டி என்றால் வேறு நினைவுகள். 1990ல் தொடங்கிய சாலிம் அலி பறவையியல் மையம், அதே ஆண்டு சுவாமி தயானந்த சரஸ்வதி நிறுவிய ஆர்ஷ வித்யா குருகுலம், வார இறுதிக்கு வந்து குளிரும் பசுமையும் வாங்கிப் போகிறவர்களுக்கான விடுதிகள். ஆனால் ஊரின் உண்மையான கதை, கடைத்தெரு முடியும் இடத்தில் ஓடும் ஒரு சிற்றாற்றுக்கு அப்பால் இருக்கிறது.

கொடுங்கரைப்பள்ளம் என்ற அந்த ஓடைதான் மாநில எல்லை. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. கோடு பழையது அல்ல. 1956 நவம்பர் முதல் தேதி வரை இரு கரையும் சென்னை ராஜ்யத்தில்தான் இருந்தன. ஒரு கரை கோயமுத்தூர் ஜில்லா, மறுகரை மலபார் ஜில்லா. அதற்கு முன்பும் பின்பும் இரு கரையிலும் இருப்பவர்கள் இருளர்கள். அவர்களுக்கு இந்த ஓடை ஒருபோதும் எல்லையாக இருந்ததில்லை.

மண்ணுக்கு ஒரு அதிகாரி

அட்டப்பாடி ஒரு விசித்திரமான மலைப் பள்ளத்தாக்கு. கேரளத்தின் ஆறுகளெல்லாம் மேற்கே கடலுக்கு ஓட, கிழக்கே திரும்பும் மூன்றில் ஒன்றான பவானி இங்கேதான் பாய்கிறது. கோவைக்காரர்கள் பெருமையோடு பேசும் சிறுவாணியும் இதன் கிளை நதியே. சைலண்ட் வேலியை ஒட்டிய மேற்கு முனையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். ஆனைகட்டிப் பக்கம் வரும்போது அது 1,000 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். முப்பது, நாற்பது கிலோமீட்டருக்குள் மழைக்காடும் முட்காடும். நடுவில் மல்லீஸ்வரன் முடி என்ற சிகரம். சிவராத்திரிக்கு இருளர்களும் முடுகர்களும் அதைத்தான் சிவனாக வணங்குகிறார்கள்.

இருளர், முடுகர், குறும்பர் என மூன்று பழங்குடிகள். ஏறத்தாழ 190 ஊருகள். 'ஊரு' என்பது இங்கே குடியிருப்பைக் குறிக்கும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மூப்பன். அவருக்குத் துணையாகக் குறுதலை, வண்டாரி, மண்ணூக்காரன் என்று பொறுப்பாளர்கள். வண்டாரியிடம் பொதுக் களஞ்சியம். மண்ணூக்காரனிடம் மண். எந்தச் சரிவில் எப்போது விதைப்பது என்று அவர் சொல்ல வேண்டும்; முதல் விதை அவர் கையால் விழ வேண்டும். ராகி, சாமை, தினை, துவரை, அவரை எல்லாம் ஒரே காட்டில் கலந்து விளையும். ஓரிரு ஆண்டுகள் விதைத்த சரிவைப் பிறகு காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு சரிவுக்குப் போவார்கள். விதைப்புக் காலத்தில் கம்பளம் என்ற சடங்கு: பெறை, தவில், கொகல், ஜால்ரா முழங்க, ஊரே சேர்ந்து ஆடிக்கொண்டே மண்ணைக் கிளறும்.

இந்த விவசாயத்தில் இரண்டு விஷயங்கள் இல்லை. ஒன்று வேலி. மற்றொன்று பத்திரம். பின்னால் வந்த அத்தனை துன்பத்துக்கும் இந்த இரண்டு இல்லாமையே வாசலாக அமைந்தது.

கோயமுத்தூருக்குப் பெயர் கொடுத்தவன் கோவன் என்ற இருளர் தலைவன் என்று ஒரு வழக்கு உண்டு. அது வரலாறோ வாய்மொழியோ, சமவெளியில் தலைவனாக நினைவுகூரப்படுகிறவனின் வம்சம் மலையில் கூலிக்காரர்களாகிப்போனது எப்படி என்ற கேள்விக்கு அட்டப்பாடி பதில் வைத்திருக்கிறது.

வந்தவாசிகள்

காகிதத்தில் இந்த மலை ஜென்மிகளுடையது. மண்ணார்க்காடு மூப்பில் நாயர், கோழிக்கோடு சாமூதிரி வம்சத்தார் போன்றவர்களின் உடைமையாகப் பதிவாகியிருந்தது. மலை ஏறியே பார்க்காத ஜென்மிக்கு ஆதிவாசி ஏதோ சிறு பாட்டம் கட்டிவந்தான். ரசீது கேட்கும் பழக்கம் அவனுக்கு இல்லை, கொடுக்கும் வழக்கம் அவருக்கும் இல்லை. 1882ல் வந்த சென்னை வனச் சட்டம் ஒரு பக்கம் ஒதுக்குக் காடுகளை அளந்து எல்லைக்கல் நட்டது. மறுபக்கம் ஜென்மிகளின் தனியார் காடுகளை மரக் காண்டிராக்டர்கள் குத்தகைக்கு எடுத்தார்கள். முதலில் கோடரி வந்தது. அது போட்ட பாதையில் கலப்பை வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிழக்கிலிருந்து கோவைக் கவுண்டர்கள் வந்தார்கள். சோளமும் பருத்தியும் நிலக்கடலையும் தெரிந்த புன்செய்க்காரர்களுக்கு, ஆனைகட்டி, கோட்டத்துறைப் பக்கத்து மண் சொந்த ஊர் மண்போலவே இருந்தது. ஆற்றோரங்களில் கிணறு வெட்டினார்கள், கரும்பு வைத்தார்கள். கால்நடைகளோடு வந்தவர்கள் காலூன்றிவிட்டார்கள்.

பெரிய அலை மேற்கிலிருந்து வந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பரும் மிளகும் விலை சரிய, திருவிதாங்கூரின் நெருக்கமான கிராமங்களில் சிறு விவசாயிகள் திணறினார்கள். 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசிக் கப்பல் நின்றது. பசி. மலபாரில் காட்டு நிலம் மலிவு என்ற செய்தி மாதா கோவில் முற்றங்களில் பரவியது. கோட்டயம், பாலா, மூவாற்றுப்புழைப் பக்கத்துச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்த துண்டு நிலத்தை விற்று, பாத்திரம் பண்டம், மண்வெட்டி, குழந்தைகளோடு வடக்கே கிளம்பின. அந்தப் பெயர்ச்சியைத்தான் எஸ்.கே. பொற்றேகாட் 1948ல் 'விஷகன்யகா' என்ற மலையாள நாவலாக எழுதினார். மலபார் மண்ணையே நஞ்சூட்டப்பட்ட பேரழகியாக அவர் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. அவளைத் தேடி வந்தவர்களில் பலர் மலேரியாவில் மாண்டுபோனார்கள்.

குடியேறியின் முதல் ஆண்டுகள் கொடூரமானவை. கீழ்க்காட்டை வெட்டித் தீ வைத்து, சாம்பல் ஆறுமுன் மரவள்ளி ஊன்ற வேண்டும். மரவள்ளி வயிற்றுக்கு, புல்தைலம் கைக்காசுக்கு. காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டும். யானை குடிசையைத் தள்ளும். அதனால் இரவு வாசம் மரத்தின் மேல் கட்டிய ஏறுமாடத்தில். பிறகு மிளகு, பாக்கு, தென்னை, வாழை, ரப்பர். பிறகு பள்ளிக்கூடம், கோவில், சாலை. ஒரு தலைமுறைக்குள் இவ்வளவும் நிகழ்த்தியவர்களின் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. இன்றும் அட்டப்பாடியில் அந்தக் குடும்பங்களின் பெருமை இதுவே.

ஆனால் அந்தச் சரிவு காலியாக இருக்கவில்லை. அது ஏதோ ஓர் ஊருவின் மண்ணூக்காரன் ஓய்வு கொடுத்துவிட்டுப் போன காடு. புகையிலைக்கும் துணிக்கும் சில்லறைக் கடனுக்கும் நிலங்கள் கை மாறின. ஜென்மி எழுதிக்கொடுத்த சீட்டு குடியேறியின் கையில் இருந்தது. உழுதவன் கையில் எதுவும் இல்லை. 1970ல் கேரளம் ஜென்மி முறையை ஒழித்தபோது, நாட்டுக்கே முன்மாதிரி என்று பாராட்டப்பட்ட அந்தச் சட்டம், காகிதம் வைத்திருந்த பாட்டக்காரனை நில உடைமையாளன் ஆக்கியது. காகிதம் இல்லாத ஆதிவாசிக்கு அதே சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை.

ஆதிவாசிகள் என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக, குடியேறிகளுக்கு இங்கே ஒரு பெயர் உண்டு: வந்தவாசிகள். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1760ல் போரிட்ட வந்தவாசியோடு இதற்குச் சம்பந்தமில்லை. ஆனால் தமிழ்க் காதுக்கு, வெளியிலிருந்து வந்து நாட்டைப் பிடித்தவர்களின் சண்டை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

திமிங்கிலமும் தேக்கும்

குடியேறியின் வாழ்க்கைக்கு உலகெங்கும் ஏறத்தாழ ஒரே இலக்கணம். முதல் தொழில், இயற்கை சேர்த்துவைத்ததை எடுப்பது. அந்த வருமானத்தில் நடக்கும் இரண்டாம் தொழில், விவசாயம். இதைத் துல்லியமாகக் காட்டும் ஓர் உதாரணம் அட்டப்பாடியிலிருந்து வெகுதூரத்தில், நியூசிலாந்தின் தென்தீவில் இருக்கிறது.

சிட்னியில் பிறந்த ஜானி ஜோன்ஸ் 1838ல் வைகவாய்ட்டி என்ற கடற்கரையில் ஒரு திமிங்கில வேட்டை நிலையத்தை விலைக்கு வாங்கினார். குளிர்காலத்தில் குட்டி போட விரிகுடாக்களுக்கு வரும் திமிங்கிலங்களைக் கரையிலிருந்தே படகில் போய் ஈட்டியெறிந்து கொன்று, கொழுப்பை உருக்கி எண்ணெயாக்கினார்கள். அந்த எண்ணெய் ஐரோப்பாவின் விளக்குகளை எரித்தது. முட்டாள்தனமான லாபம் அது. தாயும் குட்டியும் சேர்ந்தே போனால் அடுத்த ஆண்டு எது வரும்? 1840களிலேயே வேட்டை படுத்துவிட்டது. ஜோன்ஸ் கெட்டிக்காரர். 1840ல் 'மாக்னெட்' என்ற கப்பலில் சிட்னியிலிருந்து விவசாயக் குடும்பங்களை வரவழைத்து, வேட்டை நிலையத்தின் பக்கத்திலேயே பண்ணை தொடங்கியிருந்தார். 1848ல் ஒட்டாகோவுக்கு ஸ்காட்லாந்துக் குடியேறிகள் வந்து இறங்கியபோது, அவர்களுக்கு உணவு விற்றது அந்தப் பண்ணை. மட்டனாகா என்ற இடத்தில் அவருடைய களஞ்சியமும் தொழுவமும் இன்றும் நிற்கின்றன. அந்நாட்டில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய பண்ணைக் கட்டடங்களில் அவை சேரும்.

அந்தக் கடற்கரையின் மண்ணின் மைந்தர்கள் ஙாய் தாஹு என்ற மவோரி மக்கள். திமிங்கிலப் படகுகளில் அவர்களும் துடுப்புப் போட்டார்கள். வேட்டைக்காரர்களுக்குப் பெண் கொடுத்தார்கள். 1848ல் சுமார் 2 கோடி ஏக்கர் நிலம் அவர்களிடமிருந்து 2,000 பவுனுக்கு எழுதி வாங்கப்பட்டது. கோடரியும் கலப்பையும், ஈட்டியும் கலப்பையும்: கருவிகள் வேறு, வரிசை ஒன்று. அங்கே திமிங்கிலம் எதுவோ, இங்கே தேக்கும் ஈட்டியும் அது.

கதையின் பிற்பகுதியில்தான் இரண்டு இடங்களும் பிரிகின்றன. நூற்றைம்பது ஆண்டுகள் மனுப் போட்டபின், 1998ல் நியூசிலாந்து அரசு ஙாய் தாஹு மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. 17 கோடி நியூசிலாந்து டாலர் ஈடு கொடுத்தது. குடியேறிகளின் பண்ணைகளைத் தொடாமல், அரசு தன் கஜானாவிலிருந்து கடனைத் தீர்த்தது. இழந்ததற்கு அது ஈடாகாது என்பது வேறு விஷயம். இழந்தது உண்மை என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது.

சட்டம் இருந்தது, நிலம் வரவில்லை

அட்டப்பாடியின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல மக்கள்தொகைக் கணக்கு போதும். 1951ல் இங்கே சுமார் 11,300 பேர். பத்தில் ஒன்பது பேர் பழங்குடிகள். 1981ல் சுமார் 62,000 பேர். பழங்குடிகள் மூன்றில் ஒரு பங்கு. முப்பதே ஆண்டுகளில் வீட்டுக்காரர்கள் விருந்தாளிகளானார்கள். அவர்களுடைய எண்ணிக்கை குறையவில்லை, இரண்டு மடங்காகியிருந்தது. மற்றவர்கள்தான் சுமார் நாற்பது மடங்கு ஆகியிருந்தார்கள்.

கேரள அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 1975ல் சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பழங்குடி நிலங்களை மற்றவர்கள் வாங்குவது செல்லாது. வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். சட்டத்துக்கு விதிகள் எழுத 1986 வரை ஆயிற்று. அதன்பிறகும் ஒன்றும் அசையவில்லை. வயநாட்டைச் சேர்ந்த டாக்டர் நல்லதம்பி தேரா 1988ல் வழக்குப் போட்டார். 1993ல் உயர் நீதிமன்றம் ஆறு மாதம் கெடு விதித்தது. ஆளும் கூட்டணி எதுவானாலும் குடியேறிகளின் வாக்குகள் தேவை. 1996ல் சட்டத்தையே திருத்தப் பார்த்தார்கள். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 1999ல் வேறு வழியில் புதுச் சட்டம் வந்தது: இரண்டு ஹெக்டேர் வரை குடியேறியே வைத்துக்கொள்ளலாம், பழங்குடிக்கு மாற்று நிலம் தரப்படும். 2009ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

குடியேறியின் தரப்பிலும் நியாயம் உண்டு. இரண்டு மூன்று ஏக்கரில் மூன்று தலைமுறையாக வியர்வை சிந்தியவனைத் தெருவில் நிறுத்துவது நீதியாகாது. ஆனால் அந்த நியாயத்துக்கான விலையை யார் கொடுப்பது என்ற கேள்வியில், மாற்று நிலம் என்ற வாக்குறுதியோடு மீண்டும் காத்திருக்க வைக்கப்பட்டவர்கள் இருளர்கள். இதற்கிடையில் 2010ல், பழங்குடிகளின் நிலத்தில் காற்றாலைகள் எழுந்துவிட்டதாகப் புகார் கிளம்பி, போலிப் பத்திரங்கள் பற்றிய விசாரணை வரை போனது. காட்டை வெட்டி முடித்தபின், நிலத்தை உழுது முடித்தபின், காற்றும் விலைக்கு வந்திருந்தது.

நில இழப்பு வயிற்றில் தெரிந்தது. சாமையும் ராகியும் துவரையும் கீரையும் தின்றவர்கள் ரேஷன் அரிசிக்கு வந்து சேர்ந்தார்கள். 2013ல் அட்டப்பாடியில் பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, மனித வளர்ச்சிக் குறியீட்டில் முதலிடம் வகிக்கும் மாநிலம் வெட்கித் தலைகுனிந்தது. தாய்மார்களின் ரத்தசோகையும் ஊட்டச்சத்துக் குறைவும் காரணமென்று விசாரணைகள் சொன்னன. 2018 பிப்ரவரியில், உணவுப் பொருள் திருடியதாகச் சொல்லி மது என்ற பழங்குடி இளைஞரை ஒரு கும்பல் பிடித்துக் கட்டி அடித்துக் கொன்றது. கைகள் கட்டப்பட்ட அவரோடு செல்பி எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். 2023ல் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

ஓடை திரும்பி வந்தது

நம்பிக்கைக்கு இடமே இல்லையா என்றால், கொடுங்கரைப்பள்ளத்தைக் காட்டலாம். மொட்டையடிக்கப்பட்ட சரிவுகளால் வறண்டுபோயிருந்த ஓடை அது. 1990களின் நடுவில் ஜப்பானியக் கடனுதவியோடு, 219 கோடி ரூபாயில், அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம் வேலை தொடங்கியது. மரம் நடுவது, சரிவுகளில் கல்வரப்பு போடுவது, தடுப்பணைகள் கட்டுவது என்று பல ஆண்டுகள் நடந்த வேலையில் ஊருமக்களே கூலியாட்களும் கண்காணிப்பாளர்களும். ஓடையில் மறுபடி தண்ணீர் ஓடியது. திட்டத்தின் மற்றப் பலன்கள் குறித்து வாதங்கள் உண்டு. தண்ணீரைக் குறித்து வாதம் இல்லை.

2017ல் கேரள அரசு சிறுதானியக் கிராமம் என்ற திட்டத்தின்கீழ் ராகியையும் சாமையையும் மலைச்சரிவுகளுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. 2022ல் அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு, ஆடு மாடு மேய்த்த இருளர் பெண் நஞ்சியம்மா, 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தம் மொழியில் பாடிய பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை வாங்கினார். இருளர் மொழியை அன்று நாடே கேட்டது. நிலத்தை வைத்திருந்தவர்களின் பயிருக்கும் பாட்டுக்கும் இப்போது மதிப்பு வந்திருக்கிறது. நிலம்தான் பாக்கி.

இன்னொருவரும் தன் நிலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். தடாகம் பள்ளத்தாக்கில் பயிர்களை மேய்ந்து பழகிய ஓர் ஆண் யானைக்கு ஜனங்கள் 'சின்னத்தம்பி' என்று பெயர் வைத்திருந்தார்கள். 2019 ஜனவரியில் மயக்க ஊசி போட்டு, கும்கிகளை வைத்துத் தள்ளி, லாரியில் ஏற்றி, ஆனைமலையின் டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். சில நாட்களில் சின்னத்தம்பி மலையிறங்கி, தோட்டங்களையும் சாலைகளையும் கடந்து உடுமலைப் பக்கம் வந்து நின்றது. கரும்புக்காட்டில் சுற்றித் திரிந்ததே தவிர யாரையும் தாக்கவில்லை. திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு கூட்டம், கும்கியாக்காதே என்று இன்னொரு கூட்டம், நீதிமன்றத்தில் வழக்கு. பிப்ரவரி நடுவில் மறுபடி பிடித்து வரகளியாற்றில் மரக்கூண்டில் அடைத்தார்கள்.

தடாகத்து விவசாயிக்கு நிம்மதி. அவருடைய வாழையும் வயிற்றுப்பாடுதான். ஆனால் அவர் தோட்டம் இருக்கும் இடம் யானையின் பழைய வழித்தடம் என்பது அவருக்கும் தெரியும். ஏறுமாடத்தில் இரவெல்லாம் கண்விழித்த முதல் குடியேறியின் பேரன், இன்று மின்வேலிக்குள் டார்ச் லைட்டோடு அதே வேலையைச் செய்கிறான். அந்தப் பேரன்களில் பலர் கோவைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். மலை மறுபடியும் பிழைப்புத் தேடி விட்டுப் போகும் இடமாகிறது.

மாலையில் ஆனைகட்டிக் கடைத்தெருவில் கடைசிப் பேருந்துகளுக்குக் கூட்டம் சேர்கிறது. கோவையில் கட்டட வேலை முடித்து இறங்குகிற இருளர் பெண்கள் தூக்குச்சட்டியும் அரிசிப் பையுமாக ஓடைப் பாலத்தைக் கடந்து நடக்கிறார்கள். பாலத்துக்கு இருபக்கமும் தெரிகிற சரிவுகளில் பாக்கும் வாழையும் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசைகளில் பெரும்பாலானவை அவர்களுடையவை அல்ல. எந்தச் சரிவு எந்த ஊருவின் காடாக இருந்தது என்பதை ஊருக்குள் மூத்தவர்கள் இன்னும் பெயர் சொல்லிக் காட்டுவார்கள்.